பல் நாற்காலியில் "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் 42 ஆண்டுகள் நகைப் பட்டறை வைத்திருந்தவன் நான். இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். நான் ஓரமாக உட்கார்ந்து குறை சொல்கிறேன். நகை வாங்க வருகிறவர்களில் ஒரு வகையினர் உண்டு. வளையலை ஏற்றும்போது கை முழியில் இடிக்கும், முகம் சுளிக்கும். "பிடிக்கிறதா ஆச்சி? கொஞ்சம் தட்டிப் பெரிதாக்கித் தரட்டுமா?" என்று கேட்டால், "பரவாயில்லை ஆசாரி, போடப் போடச் சரியாகிவிடும்" என்பார்கள். தங்கம் போடப் போட வளராது. மூன்றாம் நாள் டிரைவரிடம் வளையலைக் கொடுத்தனுப்புவார்கள். கூடவே நாலு வசவும் வரும்.

போன ஆண்டு என் கீழ்த்தாடை இடப்பக்கக் கடைவாய்ப் பல் உடைந்து, வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்து, பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போட்டுக்கொண்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதே "பரவாயில்லை"யைச் சொல்லித் தொலைத்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். உடைந்த பல்லைச் சரிசெய்யப் போகிறவர் என்னென்ன எதிர்பார்க்கலாம், எந்த இடத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதை ஒரு பட்டறைக்காரன் கண்ணால் பார்த்தபடி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் வாயைத் திறந்து பார்த்தவர் சொல்வது எதுவோ அதற்குப் பிறகுதான் என் பேச்சு.

உடைந்த அன்று

கண்டனூரில் தெரிந்தவர் வீட்டுச் சாந்திக் கல்யாணம். பலகாரத் தட்டில் சீப்புச்சீடை இருந்தது. கடித்தேன், 'டக்' என்றது. சீடைக்குள் கல் என்றுதான் முதலில் நினைத்தேன். நாக்கு போய்த் தடவிப் பார்த்தது. பல்லின் உள்பக்கச் சுவரைக் காணோம். செய்த கைகளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சீடை பாவம். நாற்பது ஆண்டுகளாக வெள்ளிக் கம்பியைப் பல்லால் கவ்வி இழுத்ததும், கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டி இல்லாமல் கடைவாயில் வைத்து உடைத்ததும் நான். விரிசல் என்றோ விழுந்துவிட்டது; சீடை அதை வெளியே சொன்னது, அவ்வளவுதான்.

எனாமல் என்கிற மேல்பூச்சுதான் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் கூடாது, அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்து வெளியே வருவதற்குள் மறைந்துவிடுகின்றன. ஆகவே "தானாக ஆறிவிடும்" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. நான் அதை நம்பிப் பதினொரு நாள் ஓட்டினேன்.

அன்றே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளியுங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். முன்பல் துண்டாக இருந்தால் சில நேரம் அதையே ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். கிராம்பு வைத்தால் வலி சற்று மரக்கும், அதிலுள்ள யூஜெனால் செய்கிற வேலை அது. ஆனால் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஊற ஊற வைத்தால் ஈறு வெந்துபோகும். வலி மாத்திரையை நசுக்கி ஈற்றில் வைப்பதும் அப்படியே. மாத்திரை விழுங்குவதற்கு உரியது. எங்கள் தெருவில் ஒருவர் புகையிலைக் காம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னார். அவருக்கு வாயில் நாலு பல்தான் இருக்கிறது என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் கஷ்டமாக இருந்தாலோ அது பல்லோடு நிற்கிற விஷயம் அல்ல. இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முதல் சந்திப்பு

நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு சிகிச்சையகம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. பல்லைப் பார்த்தவுடன் கருவியைக் கையில் எடுக்கவில்லை; முதலில் என்னைப் பேசவைத்தார். குளிர்ந்தது பட்டால் கூசுகிறதா, கூச்சம் உடனே போகிறதா, நின்று வலிக்கிறதா, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். பட்டவுடன் கூசி உடனே விட்டுவிட்டால் உள்ளே உள்ள நரம்பு பிழைக்க வாய்ப்புண்டு. காபி குடித்து ஐந்து நிமிடம் கழிந்தும் விண்விண் என்று தெறித்தால், இரவில் படுத்தவுடன் கூடினால், நரம்பு தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. என்னுடையது இரண்டாவது ரகம். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் வலியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதிதான் தெரியும்.

பிறகு வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கரண்டியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார். ஒரு சின்னக் கட்டையைக் கடிக்கச் சொல்லி விடச் சொன்னார். கடிக்கும்போது இல்லாத வலி விடும்போது சுரீர் என்றால் விரிசலைச் சந்தேகிப்பார்களாம். கடைசியில் எக்ஸ்ரே. நாங்கள் பொன்னை உரைகல்லில் உரைக்காமல் விலை சொல்ல மாட்டோம். எக்ஸ்ரே எடுக்காமல் கடைவாய்ப் பல்லில் வேலையைத் தொடங்குகிறவரிடம் நான் இனி உட்கார மாட்டேன்.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் வால்வு அல்லது ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்தாவது ஒவ்வாமை, பெண்களுக்குக் கர்ப்பம். மாத்திரைச் சீட்டையே எடுத்துப் போய்விடுங்கள். பல் வைத்தியம் இருக்கிறது என்று ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. எனக்குச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைப் பார்த்த பிறகுதான் தேதி கொடுத்தார்.

எக்ஸ்ரே வந்ததும் பல்லுக்கு நாலு வழிகளில் ஒன்றைச் சொல்வார்கள். சின்னக் குழி என்றால் அடைப்பு. பல்லின் சுவர் பெரிதாகப் போய்விட்டது, நரம்பு நன்றாக இருக்கிறது என்றால் கேப். நரம்பும் கெட்டிருந்தால் வேர் சிகிச்சை செய்து கேப். வேர் வரை பிளந்திருந்தால் பிடுங்கல்.

அடைப்பு ஒரே அமர்வில் முடிவது. பல் நிறத்துப் பசையை 2 மில்லிமீட்டர் கனத்துக்குள் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளியில் இறுகவைப்பார்கள். ஒரேயடியாகத் திணித்தால் அடி இறுகாது. பழைய வெள்ளி அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசம். பாதரசம் வைத்துத் தங்க முலாம் பூசுகிற பழைய வேலையைச் சின்ன வயதில் பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் பயமும் மரியாதையும் ஒன்றாக உண்டு.

கேப் தாங்குமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஈற்றுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருந்தால் கேப் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அடியில் எதுவும் இல்லாமல் வேருக்குள் கம்பி இறக்கி மேலே கட்டிய கேப் பலவீனமானது. அந்தக் கம்பி மேலே கட்டும் அடைப்பைப் பிடித்துக்கொள்ளத்தான் உதவும், பல்லுக்குப் பலம் தராது. "சுற்றிலும் எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும்?" என்று நேராகக் கேளுங்கள். "சொல்ல முடியாது" என்பதும் நேர்மையான பதில்தான்.

ஒரு பழைய கணக்கு

இந்தப் பல்லுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் மேல்தாடையில் இன்னொரு பல்லுக்கு வேறோர் இடத்தில் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். வலி போனது. மேலே ஒரு தற்காலிக அடைப்பை வைத்து அனுப்பினார்கள். கேப் போட்டே ஆக வேண்டும் என்று அங்கே யாரும் அழுத்திச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆவணி முகூர்த்தம், கை நிறைய வேலை. வலிக்காத பல்லுக்கு யார் பணம் செலவழிப்பார்கள்? ஏழு மாதம் கழித்து ஆட்டுக்கறி எலும்பில் அந்தப் பல் நெட்டுக்குப் பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார்கள்.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் ஏன் பிளக்கிறது? சொத்தைக்காகவும் வழி திறப்பதற்காகவும் நடுவில் இருந்ததெல்லாம் எடுக்கப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். நடுவில் இருந்த மரத்தைக் குடைந்துவிட்டு உரலாகப் பயன்படுத்துவது போல. வலி போவது பாதி வேலை முடிந்ததற்கு அடையாளம். மீதிப் பாதி கேப். நாள் தள்ளுகிறவர்கள் என் மேல்தாடையைப் பார்க்க வரலாம், இடம் காலியாகவே இருக்கிறது.

வேர் சிகிச்சை நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு ஊசி போட்டுக்கொண்டால் தலை சுற்றும். பிறகு மூன்று நான்கு மணி நேரம் சாப்பிடவும் முடியாது.

கீழ்க்கடைவாய்க்கு மரப்பு ஊசி தாடையின் உள்மூலையில் போடுவார்கள். எறும்பு கடித்தது போல் இல்லை, அதைவிட அதிகம். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பாதி உதடும் பாதி நாக்கும் தடித்துக் கிடக்கிற மாதிரி இருக்கும், உண்மையில் தடிக்கவில்லை. மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கும். எனக்குப் படபடத்தது, முன்பே சொல்லிவைத்திருந்ததால் பயப்படவில்லை. வீங்கி அழற்சியாக இருக்கிற நரம்பில் மருந்து சில நேரம் முழுதாகப் பிடிக்காது. தொடும்போது வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள். டாக்டரம்மா அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்: "கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் ஐயா. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம்." பல்லைக் கடிக்கவும் வழியில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை விரித்து மாட்டினார். பல் மட்டும் தனியாக எட்டிப் பார்க்கும். எச்சில் உள்ளே போகாமலும் கருவியோ மருந்தோ தொண்டைக்குள் போகாமலும் காப்பது அது. மூக்கு அடைத்திருந்தால் முன்பே சொல்லுங்கள், ஏனென்றால் அவ்வளவு நேரமும் மூக்கால்தான் மூச்சு விட வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ரசித்தேன் என்று சொன்னால் என் மனைவி நம்பவில்லை. டாக்டரம்மா கையில் இருந்தவை அரங்கள். என் பட்டறை அரத்துக்கு ஒரு கொள்ளுப்பேத்தி இருந்தால் இப்படி இருப்பாள். 10ஆம் எண் என்றால் நுனி கனம் 0.10 மில்லிமீட்டர், 15ஆம் எண் என்றால் 0.15. கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர், அவற்றுக்குள் மூன்று குழல், சிலருக்கு நான்கு. ஒவ்வொரு குழலின் நீளத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நுனியை எட்டும்போது 'கீக் கீக்' என்று கத்தும் ஒரு மின்கருவியும் வைத்திருந்தார். அளவு குறைந்தால் அழுகல் உள்ளே மிஞ்சும், கூடினால் எலும்பைக் குத்தும். நடுநடுவே பிளீச்சிங் பவுடர் வாடை வரும். அது குழலைக் கழுவும் மருந்து. தொண்டையில் வாடையோ சுவையோ தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள்.

சுத்தம் செய்து உலர்த்திய குழலை ஆரஞ்சு நிறக் குச்சியால் அடைத்தார்கள். "இது என்ன அம்மா?" என்று கேட்டேன். கட்டாபெர்ச்சா என்றார். பெயரைப் பிடித்துக்கொண்டு வீட்டில் பேத்தியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். மலேயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதைத்தான் உறையாகச் சுற்றினார்களாம். பல் குச்சியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடுதான், ஆனாலும் பிடிப்பு அந்தப் பாலுடையது. எங்கள் ஊர்க்காரர்கள் மலேயாவுக்குப் போய்க் கொண்டுவிற்றுச் சம்பாதித்து வந்து பர்மாத் தேக்கில் வீடு கட்டினார்கள். வாடகை வீட்டுக்காரனான என் பங்குக்கு மலேயாவிலிருந்து வந்தது மூன்று குச்சிப் பால். தாடைக்குள் இருக்கிறது, யாரும் பங்கு கேட்க முடியாது.

எனக்கு இரண்டு அமர்வு ஆயிற்று. ஒன்றில் முடிப்பவர்களும் உண்டு, சீழ் இருந்தால் மூன்றும் ஆகலாம். எண்ணிக்கையைக் கொண்டு வேலையை எடைபோடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மரப்பு போகும் வரை எதையும் மெல்லாதீர்கள். நான் ஒரு இட்லிதானே என்று தொடங்கி உதட்டைக் கடித்துக்கொண்டேன்; ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சூடான காபி இன்னும் மோசம், சுடுவதே தெரியாது. குழந்தைகளுக்குச் செய்திருந்தால் பக்கத்திலேயே இருங்கள், அவர்கள் வேடிக்கைக்காகக் கன்னத்தை மென்றுவிடுவார்கள்.

கடித்தால் நோவு மூன்று நான்கு நாள் இருக்கும். நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாளுக்கு நாள் ஏறினால், வீங்கினால், சொல்லி அனுப்புங்கள். கிருமிக்கொல்லி மாத்திரை எல்லோருக்கும் எழுதப்படுவதில்லை. எழுதாவிட்டால் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

சாப்பாட்டுக்குச் செட்டிநாட்டில் பஞ்சமில்லை. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், பால் பணியாரம், கருப்பட்டி போட்டுக் கிண்டும் கும்மாயம். என் மனைவி ஆடி மாதத்தையும் காத்திருக்காமல் கும்மாயம் கிண்டிக்கொடுத்தாள். கருப்பட்டி பல்லிடுக்கில் நின்றால் அதுவும் சொத்தைக்கு விருந்து, சாப்பிட்டதும் கொப்பளியுங்கள். தற்காலிக அடைப்போடு இருக்கும்போது எள்ளுருண்டை, மணகோலம், கைமுறுக்கு எல்லாவற்றையும் பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேப் எப்படி உருவாகிறது

என் தொழிலின் பங்காளி வேலை இங்கேதான் தொடங்குகிறது. பல்லை மேலே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி, சுற்றிலும் மெலிதாக்குவார்கள். கேப் உட்கார இடம் விடுவதற்காகக் கழிக்கிற அளவு அது. சீவிய பல் திரும்ப வராது, ஆகவே "கேப் தேவையா, அடைப்பு போதுமா?" என்ற கேள்வியைச் சீவுவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

நிறம் பார்ப்பதும் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும். அப்போது நிறம் எடுத்தால் கேப் அதிக வெள்ளையாக வந்து நிற்கும். கடைகளில் பட்டுப்புடைவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது போலப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்பல்லானால் வீட்டில் வாய்க்குப் பயப்படாமல் பேசுகிற ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள்.

பிறகு அச்சு. எனக்கு மாவு மாதிரி ஒரு பசையைத் தட்டில் வைத்துக் கடிக்கவைத்தார்கள். சில இடங்களில் கேமராவாலேயே எடுக்கிறார்கள். குமட்டினால் தலையை முன்னுக்குச் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி உங்கள் பல் வரிசையின் நகலைச் செய்கிறார்கள். உலோகக் கேப் என்றால் மெழுகில் பல் செதுக்கி, அதைச் சுற்றி மண் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் பழைய முறை உண்டு. சாமி சிலை வார்ப்பதும் இதே முறைதான்.

எதில் போடுவது? எனக்குத் தங்கத்தில் ஆசை. பர்மா போய்த் திரும்பியவர்களில் சிலர் தங்கப்பல்லோடு வந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். தங்கக் கலவை பல்லுக்கு மிக நல்ல உலோகம்; எதிர்ப்பல்லைத் தேய்க்காது, விளிம்பு நன்றாகப் படியும். சுத்தத் தங்கம் மெத்தென்றிருக்கும் என்பதால் கலவைதான் உதவும். "கழுத்தில் போட்டுப் பார்க்க முடியாததை வாய்க்குள் போட்டு மூடிவைப்பீர்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

வெறும் உலோகக் கேப் விலை குறைவு, உறுதி அதிகம். பின்பல்லுக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதில் நிக்கல் கலந்திருக்கலாம். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் கட்டாயம் அதைச் சொல்லி, நிக்கல் இல்லாததைக் கேளுங்கள். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது பார்வைக்கு அழகு. ஆனால் பீங்கான் சில்லு பெயரலாம், காலப்போக்கில் ஈறு இறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும்.

நான் போட்டது சிர்கோனியா. நகைக்காரனுக்கு அந்தப் பெயர் புதிதா? அமெரிக்கன் டைமண்ட் என்று நாங்கள் பதிக்கிற கல்லும் சிர்கோனியம் ஆக்சைடுதான். அமைப்பு வேறு என்பதால் கல் கண்ணாடியாக மின்னுகிறது, பல் பால் நிறத்தில் நிற்கிறது. சாக்குக்கட்டி போன்ற மெத்தென்ற நிலையில் இயந்திரம் அதை நான்கில் ஒரு பங்கு வரை பெரிதாகவே கடைந்தெடுக்கும். பிறகு 1500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். தங்கம் 1064 டிகிரியிலேயே உருகிவிடும். சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பெரிதாகச் செய்கிற அந்தக் கணக்குக்கு ஒரு கும்பிடு.

உள்ளே ஏற்கெனவே வெள்ளி அடைப்போ வேறு உலோகமோ இருந்தால் சொல்லுங்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் எச்சிலில் தொட்டுக்கொண்டால் சின்ன மின்கலம் ஆகிவிடும். சுரீர் என்று இழுக்கும். மாத்திரை அட்டையின் தாள் அடைப்பில் பட்டுக் கூசியவர்களுக்கு இது தெரியும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிற ஊரில் இதை நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்.

கேப் வருவதற்கு ஒரு வாரம் ஆகலாம். அதுவரை தற்காலிகக் கேப். அது கழன்றால் பயப்பட வேண்டாம், ஆனால் அன்றே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். விட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, வருகிற கேப் உட்காராது. வீட்டிலுள்ள பசையால் ஒட்டுகிற கைவேலையை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

நான் சொன்ன "பரவாயில்லை"

கேப் வந்த நாள். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன், செட்டிநாட்டுத் தாலியான கழுத்திருவின் ஒரு உருவுக்கு இருக்கிற கனம்கூட இல்லை. ஒட்டுவதற்கு முன் வெறுமனே மாட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடி கேட்டு வாங்குங்கள். நிறம் பொருந்துகிறதா, ஓரம் ஈற்றைக் குத்துகிறதா, பக்கத்துப் பல்லோடு இடைவெளி விட்டு நிற்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கறி நார் அங்கேதான் குடியிருக்கும். குறை இருந்தால் பசை போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

அடுத்தது கடி. நீலத் தாளை இடையில் வைத்து "கடியுங்கள், அரையுங்கள்" என்பார்கள். உயரமாக இருக்கிற இடத்தில் அழுத்தமான பொட்டு விழும், அதைச் சீவுவார்கள். "இப்போது சரியா ஐயா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் சின்ன மரப்பு ஊசி போட்டிருந்தார்கள். அரிசி நொய் ஒன்று பல்லுக்கடியில் இருப்பது போல் பட்டது. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவரோ மூன்று முறை சீவிவிட்டார். நல்ல பிள்ளை, எதற்குத் தொந்தரவு?

"பரவாயில்லை அம்மா, மெல்ல மெல்லச் சரியாகிவிடும்."

சொன்னவுடன் எனக்கே வளையல் ஆச்சிகள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். இருந்தும் எழுந்து வந்துவிட்டேன். சிர்கோனியாவும் போடப் போட இறங்காது. இரண்டாம் நாள் அந்தப் பல் கடிக்கும்போதெல்லாம் குத்தியது. மூன்றாம் நாள் காதோரம் தாடை வலித்தது. ஒரு முடியளவு உயரம் இருந்தாலும் வாயை மூடும் ஒவ்வொரு முறையும் மொத்தக் கடியும் அந்தப் பல் மேலேயே விழுகிறது. திரும்பிப் போனேன். தாளை வைத்து, ஒரே பொட்டைக் கண்டுபிடித்து, இரண்டு நிமிடத்தில் சீவி மெருகு போட்டார். காசு வாங்கவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றார். பட்டறையில் நான் எத்தனை முறை கேட்ட கேள்வி அது!

அதனால் சொல்கிறேன். படுத்தபடி மட்டும் கடித்துப் பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தும் கடியுங்கள். பக்கவாட்டில் அரையுங்கள். முடிந்தால் மரப்பு இல்லாமல் கடி பார்க்கச் சொல்லுங்கள். மரத்திருந்தால் உங்கள் தீர்ப்பை அன்றைக்கு நம்பாதீர்கள். வீட்டில் ஒரு இரவு கழித்து உயரம் தெரிந்தால் மறுநாளே போங்கள். நீலத் தாளுக்குத் தெரியாதது உங்கள் தாடைக்குத் தெரியும். குளிருக்குக் கூச்சம் சில நாள் இருப்பது, நரம்பு உள்ள பல்லில், இயல்பு. உயரம் இயல்பல்ல.

செலவும் காவலும்

எனக்கு வேர் சிகிச்சை 4,500, உள்ளே கட்டிய அடைப்பு 1,000, கேப் 8,000. ஊருக்கு ஊர், பல்லுக்குப் பல் மாறும். மொத்தத் தொகையைக் கேட்காமல் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: எக்ஸ்ரே சேர்த்தியா, தற்காலிகக் கேப் சேர்த்தியா, உடைந்தால் யார் பொறுப்பு, கேப்புக்கு உத்தரவாத அட்டை உண்டா? கையில் பணம் இல்லாதவர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்கு முன் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் கேளுங்கள். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கேப்புக்குச் சொத்தை வராது. அதற்கும் பல்லுக்கும் நடுவே உள்ள விளிம்புக்கு வரும். ஈற்றோரம் பிரஷ் போக வேண்டும், பல்லிடுக்கில் நூலோ சின்னத் தூரிகையோ போக வேண்டும். நூலை மேலே வெடுக்கென்று இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும். அதற்கு மேலும் ஓடுவதுண்டு. இரவில் பல்லை நறநறக்கிறவர்கள் கவசம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்குக்குப் பாக்குவெட்டி இருக்கிறது.

வேலை முடிந்ததும் என் பல் வரிசையின் பிளாஸ்டர் நகலைக் கேட்டு வாங்கி வந்தேன். பட்டறைப் பலகையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல் பார்க்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் முன்பல் இரண்டிலும் நூல் நுழைகிற அளவுக்குச் சின்னப் பள்ளங்கள். நாற்பது ஆண்டுக் கம்பி அறுத்த தடம். மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன், கம்பியைப் பல்லால் கவ்வாதே, குறடு எதற்கு இருக்கிறது என்றேன். அவன் சரி சரி என்று தலையாட்டினான், வாயில் வெள்ளிக் கம்பியோடு.